பின்பக்கம் பூசாத நாற்காலி

'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்துக்காக ஒரு சிம்மாசனம் செய்தேன். பிளைவுட்டை அறுத்து, சணல் கயிற்றைப் பசை போட்டு ஒட்டிக் கொடி வேலைப்பாடு எழுப்பி, கறுப்பு அடித்து, அதன் மேல் காய்ந்த தூரிகையால் தங்க வண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் நூறு வருடப் பித்தளை மாதிரி நிற்கும். ஆறு மேடைகளில் அது குறையில்லாமல் அரசாண்டது.

ஏழாவது காட்சி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மேடை கிடையாது, திரை கிடையாது. மாலை மூன்று மணி வெயில். பிள்ளைகள் மூன்று பக்கமும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிசூடிய ரிச்சர்ட் சிம்மாசனத்தில் அமர்ந்து நிமிர்ந்த நொடியில், பக்கவாட்டிலிருந்து ஒரு பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "டேய், ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தியிருக்குடா!"

பலகையின் முதுகில் ஆலைக்காரன் நீல மையில் குத்திய முத்திரை. மைதானமே சிரித்தது. கொலைகாரன் ரிச்சர்டும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். நான் பின்பக்கத்தைப் பூசவே இல்லை. பூச வேண்டும் என்று அதற்கு முன் ஒருநாளும் தோன்றியதில்லை. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

நாடகக் குழுக்களுக்கு ப்ராப்பர்ட்டி செய்து கொடுப்பது என் தொழில். வாள், கிரீடம், கடிதம், கோப்பை, வெட்டுண்ட தலை எல்லாம் என் பட்டறையில் பிறந்து, மேடையில் வாழ்ந்து, அதே பட்டறையின் பரணில் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்று இரவு சிம்மாசனத்தை வேனில் ஏற்றும்போது ஒரு கேள்வி வந்தது. இந்த நாடகம் முதலில் நடந்த ஊரில், அந்தக் காலத்தில், என் வேலையைச் செய்தவன் இதன் பின்பக்கத்தை என்ன செய்திருப்பான்? அந்தக் கேள்விதான் என்னை எலிசபெத் காலத்து லண்டன் கொட்டகைகளுக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஜேம்ஸ் பர்பேஜ் 1576-இல் ஷோர்டிச்சில் 'தியேட்டர்' என்றே பெயர் வைத்து ஒரு கொட்டகை எழுப்பினார். 1587-இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பிலிப் ஹென்ஸ்லோ 'ரோஸ்' அரங்கைக் கட்டினார். பர்பேஜின் மகன்கள் தகப்பனாரின் கொட்டகையைப் பிரித்து, அந்த மரங்களை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய் 1599-இல் 'குளோப்' ஆக நிறுத்தினார்கள். ஓர் அரங்கமே பிரித்துக் கோக்கக்கூடிய செட்டாக இருந்த காலம் அது.

தொழில்காரனுக்கு வேண்டியது அளவு. அது 'ஃபார்ச்சூன்' அரங்கத்துக்காக 1600 ஜனவரியில் எழுதிய கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேடையின் அகலம் 43 அடி. நடு முற்றம் 55 அடிச் சதுரம். மேடை அந்த முற்றத்தின் பாதி வரை நீள வேண்டும். நடிகன் மேடை நுனிக்கு வந்தால் கொட்டகையின் நட்டநடுவில் நிற்கிறான். ஒரு பென்னி கொடுத்தவர்கள் மூன்று பக்கமும் அவன் காலடியில் நிற்கிறார்கள். கூடுதலாகக் கொடுத்தவர்கள் சுற்றியுள்ள மாடங்களில் மூன்று அடுக்காக உட்கார்ந்து மேலிருந்து பார்க்கிறார்கள். பிற்பகல் வெளிச்சம். இருட்டில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த அளவுகளைத் தாளில் வரைந்து பார்த்தபோது எனக்கு வியர்த்தது. அங்கே ஒரு பொருளுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவனுக்கு விலாதான் முகம். மேல் மாடத்தில் இருப்பவனுக்கு உச்சிதான் முகம். சவப்பெட்டிக்குள் ஆள் படுத்திருக்கிறானா, துணிச் சுருள் கிடக்கிறதா என்று அவன் எட்டிப் பார்க்காமலே தெரிந்துகொள்வான். கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு மூன்று பக்கம் சனம் உட்காருவது புதிதல்ல. ஆனால் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது சுத்தமாக மறந்திருந்தேன்.

எலிசபெத் காலத்து மேடை ஒன்றுமில்லாத வெறும் பலகை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யோஹானஸ் டெ விட் என்ற டச்சுக்காரர் 1596 வாக்கில் 'ஸ்வான்' அரங்கைப் பார்த்து வரைந்த படத்தின் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. பின்சுவரில் இரண்டு கதவு, மேடையில் இரண்டு தூண், ஒரு பெஞ்சு, மூன்று நடிகர்கள். அவ்வளவுதான். படத்தை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்து ப்ராப்பர்ட்டிக்காரன் காலையில் ஒரு பெஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்று தோன்றும்.

ஹென்ஸ்லோவின் பட்டியலைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஹென்ஸ்லோ வட்டிக்குக் கொடுத்தவர், கொட்டகை முதலாளி, காசுக் கணக்கில் கெட்டி. அவருடைய கணக்குப் புத்தகம் இன்றும் டல்லிச் கல்லூரியில் இருக்கிறது. அந்தக் கல்லூரியை நிறுவியவர் அவருடைய பெரிய நடிகரும் உறவினருமான எட்வர்ட் ஆலன். 1598 மார்ச் 10 தேதியிட்டு, ரோஸில் ஆடிய அட்மிரல் பிரபுவின் குழுவுக்குச் சொந்தமான ப்ராப்பர்ட்டிகளை ஒருவர் எண்ணி எழுதி வைத்தார். மூலத் தாள் தொலைந்துவிட்டது. எட்மண்ட் மலோன் என்ற அறிஞர் 1790-இல் அச்சேற்றியதால் நம் கைக்கு வந்தது.

ஒரு பாறை. ஒரு கூண்டு. ஒரு கல்லறை. ஒரு நரக வாய். டைடோவுக்குத் தனிக் கல்லறை. ஒரு கட்டில். எட்டு ஈட்டி. இரண்டு கோபுரம். பொன் ஆப்பிள் மரம், டான்டலஸின் மரம், ஒரு லாரல் மரம். பாசி படிந்த திட்டு இரண்டு. ஒரு பாம்பு. மூன்று தலை செர்பரஸ். சிங்கத்தோல், கரடித்தோல். ஃபேட்டனின் தேர், அவனுக்கென்று ஒரு படிக்கட்டு, அவனுடைய கைகால்கள். மெர்க்குரியின் இறக்கை. வானவில். போப்பின் மகுடம். பேரரசர் கிரீடம் மூன்று, சாதாரணக் கிரீடம் ஒன்று, ஆவிக்கு ஒரு கிரீடம். மரக் கோடரி ஒன்று, தோல் கோடரி ஒன்று. தாம்பர்லேனின் கடிவாளம். யூதனுக்கான கொப்பரை. ஃபாஸ்டஸின் டிராகன். சவப்பெட்டி இரண்டு. ஒரு கறுப்பு நாய். கூடவே, ரோமாபுரி நகரம்.

என் பரணைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. நானும் இப்படித்தான் எழுதுவேன். பொருளின் பேரைவிட அதை ஏந்துபவனின் பேர்தான் முதலில் வரும். 'கர்ணன் கவசம்', 'கிழவி கம்பு'. அந்தக் கம்பை வேறு நாடகத்தில் வேறு யார் பிடித்தாலும் என் நோட்டில் அது கிழவி கம்புதான். யூதனின் கொப்பரையும் அப்படி மற்ற நாடகங்களில் வெந்திருக்கும்.

இந்தப் பட்டியலில் இடங்கள் மிகக் குறைவு. ரோம், நரகம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். காடு என்று எதுவும் இல்லை. மரம் மூன்று இருக்கிறது, மூன்றுக்கும் வேலை இருக்கிறது. ஒன்று பொன் ஆப்பிள் பறிக்க, ஒன்று டான்டலஸின் கைக்கு எட்டாமல் போக, ஒன்று இலைக்காக. பின்னால் நின்று இது காடு என்று சொல்வதற்காக மட்டும் ஒரு மரமும் நிற்கவில்லை.

அந்த இரண்டு கோடரிகளில் நான் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டேன். எதற்கு மரத்தில் ஒன்று, தோலில் ஒன்று? என் தொழில் புத்திக்குப் பட்டதைச் சொல்கிறேன். மரக்கோடரி தரையில் ஊன்றினால் சத்தம் வரும், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் காவலன் தூக்கிப் பிடித்தால் கனமாகத் தெரியும். தோல் கோடரி மனிதன் மேல் இறங்குவதற்கு. நானும் ஒவ்வொரு ஆயுதத்தையும் இரண்டாகத்தான் செய்கிறேன், காட்டுவதற்கு ஒன்று, அடிப்பதற்கு ஒன்று. நானூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் இதே கணக்கைப் போட்டிருக்கிறான் என்று தெரிந்தபோது சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம்.

கடிவாளமும் அப்படித்தான். மார்லோவின் நாடகத்தில் தாம்பர்லேன் தோற்ற அரசர்களைத் தேரில் பூட்டி ஓட்டுகிறான். ஆக, இது நடிகனின் வாய்க்குள் போகிற பொருள். பூச்சு உரியக் கூடாது, ஆணி முனை துருத்தக் கூடாது, தோல் நாறக் கூடாது. அதோடு தேரின் எடையும் அந்த வார்களில் வரும். தோற்றுப்போன சுல்தான் பஜாசெத்தை அடைத்து வைக்கும் கூண்டுக்கு இன்னும் கடுமையான சோதனை. அவன் அதன் கம்பிகளில் தலையை மோதிச் சாகிறான். கம்பி அசைந்தால் நாடகம் போச்சு, அசையாவிட்டால் நடிகன் மண்டை போச்சு. 'மால்டாவின் யூதன்' நாடகத்தில் அந்த யூதன் பராபாஸ் கடைசியில் மேலிருந்து கொப்பரைக்குள் விழுகிறான். முழு ஆளைத் தாங்க வேண்டும், அடியில் மெத்தென்று இருக்க வேண்டும், அந்த மெத்தை மேல் மாடத்துக்குத் தெரியவும் கூடாது. தாம்பர்லேன், பராபாஸ், ஃபாஸ்டஸ் மூன்றையும் ஆடியவர் எட்வர்ட் ஆலன். முதலாளிக்கு மருமகன் முறை வேறு. அவரைக் கொப்பரைக்குள் விழவைத்த தச்சனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

ரோஸ் அரங்கில் அட்மிரல் குழு வாரத்தில் ஆறு நாள் ஆடியது. இன்று ஆடிய நாடகத்தை அநேகமாக நாளை ஆட மாட்டார்கள். இன்றைக்கு மால்டா, நாளைக்கு ஜெர்மனி, மறுநாள் பாபிலோன். இப்படி ஆடுகிறவன் அரண்மனை கட்டி நிறுத்தினால் அதைப் பிரிக்கவே பொழுது போதாது. ஒரு கதவு வழியாகத் தள்ளி மறு கதவு வழியாக இழுக்க முடிந்ததுதான் அங்கே பிழைத்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது படுக்கையறை. திரும்ப இழுத்துக்கொண்டு போனால் அது தெரு. காலம் காலமாகக் காட்சி மாற்றத்துக்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் முட்டி இடித்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்கு இது பொறாமை தரும் வேகம்.

பிலிப் சிட்னி இந்த வேகத்தைக் கிண்டல் செய்து எழுதினார். மேடையின் ஒரு பக்கம் ஆசியா, மறுபக்கம் ஆப்பிரிக்கா. இப்போது பூந்தோட்டம், அடுத்த நிமிடம் அதே இடத்தில் கப்பல் உடைகிறது என்று அலுத்துக்கொண்டார். அவர் குறையாகச் சொன்னதை ப்ராப்பர்ட்டிக்காரன் கூலி உயர்வாக எடுத்துக்கொள்வான்.

இடத்தை எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு துண்டுத் துணி. தாமஸ் ஹேவுட்டின் 'அன்பினால் கொல்லப்பட்ட பெண்' நாடகத்தில் வீட்டுக்காரர் ஒரு காட்சிக்குள் வரும்போது கைத்துண்டால் உடையிலிருந்து ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டே வர வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. சாப்பாட்டை மேடையில் காட்டவே இல்லை. கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு விருந்து இப்போதுதான் முடிந்தது என்று ஒரு துண்டு சொல்லிவிடுகிறது. பட்டப்பகலில் ஒருவன் தீவட்டியோடு வந்தால் இரவு. சவாரிக் காலணியோடு வந்தால் தூரப் பயணம். நான் ஒருமுறை விருந்துக் காட்சிக்கு நாற்பது தட்டு வாடகைக்கு எடுத்து வந்தேன். நடிகர்கள் தொட்டது மூன்றை. மீதி முப்பத்தேழையும் கழுவிக் கொடுத்தது நான்.

அதே ஹேவுட் நாடகம் இன்னொரு கணக்கையும் சொல்லித் தருகிறது. நாடகம் எழுதியதற்கு அவருக்கு ஹென்ஸ்லோ கொடுத்தது 6 பவுன். நாயகிக்கு வாங்கிய கறுப்பு வெல்வெட் அங்கிக்கு ஆன செலவு 6 பவுன் 13 ஷில்லிங். எழுதியவனைவிட உடை விலை அதிகம். செட்டில் மிச்சப்படுத்திய காசு உடம்பின் மேல் ஏறியது. மூன்று பக்கமும் கண்கள் இருக்கும்போது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரே செட் உடைதானே.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரத்தத்துக்கு வாருங்கள். 'அல்காஸர் போர்' நாடகத்தின் காட்சிக் குறிப்புத் தாள் கிடைத்திருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களை அட்டையில் ஒட்டி, உடைமாற்றும் அறையில் ஆணியில் மாட்டி வைப்பார்கள், யார் எப்போது எந்தப் பொருளோடு நுழைய வேண்டும் என்று பார்த்துக்கொள்ள. அதன் ஓரத்தில் மூன்று குப்பி ரத்தம், ஓர் ஆட்டின் ஈரல் முதலான உள்ளுறுப்புகள் என்று குறித்திருக்கிறது. 'கேம்பைசஸ்' என்ற அதற்கு முந்தைய நாடகத்தில் வினிகர் நிரப்பிய சின்னப் பையைக் குத்தி உடைக்கச் சொல்கிறார்கள். ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் சூனியப் புரட்டுகளை அம்பலப்படுத்தி எழுதிய புத்தகத்தில், கைப்பிடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் கத்தி, ஓட்டை போட்ட மேஜையில் தலை தனியாக இருப்பதுபோல் காட்டும் வித்தை எல்லாம் விவரமாக இருக்கிறது. இன்றும் நான் செய்வது அதே கத்திதான், ஸ்பிரிங் மட்டும் கூடியிருக்கிறது.

நான் ரத்தத்துக்குத் தேனில் சிவப்பு கேசரிப் பவுடர் கரைத்து, ஒரு சொட்டு காபி டிகாக்‌ஷன் விடுவேன். நிறம் அருமையாக வரும். ஆனால் வெள்ளை வேட்டியில் பட்டால் ஏழு சலவைக்கும் போகாது. உடை நிர்வாகம் பார்க்கிற அக்காவிடம் நான் வாங்காத திட்டில்லை. நாடகத்தைவிட விலை கூடிய வெல்வெட்டுக்குப் பக்கத்தில் மூன்று குப்பி ரத்தத்தைத் திறந்தவன், எந்தத் துளி எங்கே விழ வேண்டும் என்று நடிகனோடு எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்பான்! தாளில் 'மூன்று' என்று எண்ணி எழுதியதன் காரணம் எனக்குப் புரிகிறது.

மேலேயும் கீழேயும் அவனுக்கு வேலை இருந்தது. மேடைத் தரையில் ஒரு கதவு, அதன் கீழே நரகம். மேலே வண்ணம் தீட்டிய கூரை, அது வானம். 1595 ஜூனில் அந்த வானத்தில் சிம்மாசனம் அமைக்கத் தச்சர்களுக்கு ஹென்ஸ்லோ 7 பவுன் 2 ஷில்லிங் கொடுத்த கணக்கு இருக்கிறது. தெய்வம் அதில் உட்கார்ந்து கயிற்றில் இறங்கும். இடிக்குப் பீரங்கிக் குண்டை உருட்டுவார்கள், முரசு அடிப்பார்கள். மின்னலுக்கு வாணம்.

விபரீதமும் நடந்தது. 1587 நவம்பரில் லண்டனில் ஒரு நாடகத்தில் கம்பத்தில் கட்டியவனைச் சுடும் காட்சி. துப்பாக்கியில் நிஜக் குண்டு. நடிகனின் கை திரும்பி, பார்வையாளர்களில் ஒரு குழந்தையும் ஒரு கர்ப்பிணியும் இறந்ததாக பிலிப் காடி என்பவர் தகப்பனாருக்கு எழுதினார். 1613 ஜூன் 29 அன்று குளோபில் 'எட்டாம் ஹென்றி' ஆடும்போது வெடித்த பீரங்கியின் பொறி கூரை வேயலில் பட்டு, கொட்டகையே எரிந்து போனது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவரின் கால்சட்டை பற்றிக்கொள்ள, கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். படிப்பவர்கள் இங்கே சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஆயுதங்களை நானே கையால் தடவிப் பார்ப்பேன்.

பொருளுக்குப் பின்பக்கம் எப்போது வந்தது? 1605 ஜனவரியில் இனிகோ ஜோன்ஸ் வைட்ஹாலில் மன்னர் முதலாம் ஜேம்ஸின் அரசவைக்காக 'கருமையின் மாஸ்க்' நிகழ்ச்சிக்குத் தொலைவுக் காட்சி முறையில் கடலைத் தீட்டி நிறுத்தினார். அந்த மாதிரி ஓவியம் ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகச் சரியாக வரும். அது அரசரின் ஆசனம். மற்றவர்கள் விலகி இருக்கும் அளவுக்குக் கடல் கோணிப்போகும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் 1642-இல் கொட்டகைகளை மூடினார்கள். 1660-க்குப் பிறகு திறந்தபோது தீட்டிய காட்சிகள் பொதுமக்கள் அரங்குக்கும் வந்துவிட்டன. பார்வையாளர்கள் ஒரே பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே இருந்து இரண்டு நூற்றாண்டு கழித்து பார்சி நாடகக் கம்பெனிகள் அந்தப் படுதாக்களை ஊர் ஊராகக் கொண்டுவர, நம் கம்பெனி நாடகங்களும் தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று சுருட்டி வைத்துக்கொண்டன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அந்தப் படுதா எழுதியவர்களின் பரம்பரை. "தம்பி, முன்னாடி ராஜா, பின்னாடி கோணி" என்பது அவர் வாக்கு. அதில் தப்பில்லை. அவர் மேடைக்கு அது சரி. நான்தான் அந்தக் கோணியை மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஹென்ஸ்லோ குழுவின் உடைக் கணக்கில் ஒரு வரி உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் நடமாட ஓர் அங்கி வாங்கியதாக. முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்த மேடையின் முழு ஒப்பந்தமும் அதற்குள் இருக்கிறது. வெயிலில், மூன்று பக்கமும் ஆள் நிற்க, நடிகன் அதை மாட்டிக்கொள்கிறான். இரண்டாயிரம் கண்ணுக்கும் அவன் நன்றாகத் தெரிகிறான். தெரியவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒத்துக்கொள்கிறவர்களை ஏமாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு முன்னால் கொண்டுவரும் அங்கி நல்ல அங்கியாக இருக்க வேண்டும், நாற்காலி முழு நாற்காலியாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் படித்த பையன் ரிச்சர்டை அரசன் என்று நம்பத் தயாராகத்தான் வந்திருந்தான். அரை நாற்காலியைக் கொடுத்தது நான்.

சிம்மாசனத்தின் முதுகைத் தேய்த்து, முத்திரையை அழித்து, அதே சணல் கொடியை அங்கேயும் ஒட்டினேன். உச்சியில், மேலிருந்து பார்ப்பவனுக்கென்று, ஒரு பன்றித்தலை செதுக்கினேன். ரிச்சர்டின் சின்னம் காட்டுப்பன்றி. அடுத்த காட்சி பழையபடி ஒரு சபா. திரை, விளக்கு, எதிரே மட்டும் பார்வையாளர்கள். அந்த முதுகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒத்திகையில் ரிச்சர்ட் வேஷக்காரர் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை முடிசூடும் காட்சியில் அவர் நேராக வந்து உட்காரவில்லை. பின்னால் போய், அந்தக் கொடி வேலைப்பாட்டில் ஐந்து விரலையும் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார், வாங்கப்போகிற மாட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி. பிறகுதான் முன்னால் வந்து உட்கார்ந்தார். அரங்கில் ஒரு சத்தமில்லை. அதற்கு முந்தைய ஏழு காட்சிகளிலும் அவர் அப்படிச் செய்ததில்லை. தடவுவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.